மரவள்ளிச் சீவலுக்கு ஏற்ற வெங்காய டிப்

போன தீபாவளிக்குப் பலகாரத் தட்டுகளுக்கு நடுவில் ஒரு கிண்ணம் வெங்காய டிப்பும், பக்கத்தில் ஒரு டின் நிறைய மரவள்ளிச் சீவலும் வைத்திருந்தேன். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் ஒரு சீவலை எடுத்துத் தோய்த்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அத்தை, இது எந்தக் கடையில வாங்குனது?" என்று கேட்டாள். வெங்காயமும் தயிரும்தான், வீட்டில் செய்தது என்றேன். அவள் நம்பவில்லை. அன்று மாலை வரை முறுக்குப் பக்கமே போகாமல் கிண்ணத்தையே சுற்றிக்கொண்டிருந்தாள். ஊருக்குத் திரும்பிய மறுவாரமே போன் செய்து எப்படிச் செய்வது என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அடுப்படியில் இதுவரை மெகி மட்டும் வேகவைத்தவர்களும் இதைப் பார்த்துச் செய்துவிடலாம்.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், பழைய நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் தோட்டப்புறத்து ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரக் காடு, அதாவது ரப்பர்த் தோட்டம், இப்போது பெரும்பாலும் செம்பனை. லயத்தில் இருந்தவர்களில் பலர் ஊருக்குள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். இங்கே மளிகைக் கடைக்கும் காய்கறிக்கும் பஞ்சமில்லை. ஆனால் அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் சவர் கிரீம், அதாவது புளிக்க வைத்த பாலேடு, எல்லாக் கடையிலும் கிடைக்காது. அதற்காக ஈப்போ வரை போய், சின்ன டப்பாவுக்கு அவ்வளவு விலை கொடுக்கவும் வேண்டாம். மாட்டுப்பால் ஊற்றுகிறவர் காலையில் வந்துவிட்டுப் போகிறார். அந்தப் பாலில் உறைய வைத்த தயிரை ஒரு இரவு துணியில் கட்டித் தொங்கவிட்டால் சவர் கிரீமின் இடத்தை அது நன்றாகவே நிரப்பிவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பக்கத்து வீட்டுத் தங்கச்சி கிண்ணத்தைப் பார்த்ததும், "என்னக்கா, பிரியாணிக்குச் செய்யிற பச்சடி மாதிரி இருக்கு?" என்றார். பார்வைக்கு உறவு போலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு. பச்சடியில் வெங்காயம் பச்சையாக இருக்கும், தயிர் தளர்வாக இருக்கும், சோற்றோடு பிசைந்து சாப்பிடுவோம். டிப் என்பது தொட்டுக்கொள்கிற பண்டம். சீவலைக் கிண்ணத்தில் விட்டு எடுத்தால் அது சீவலோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும், வாய்க்குப் போகிற வழியில் சட்டையில் சொட்டக் கூடாது. அதனால் தயிர் கெட்டியாக இருக்க வேண்டும். வெங்காயமோ பச்சை வாடை முழுவதும் போய், பழுப்பேறி, இனிப்புத் தட்டும் வரை வதங்கியிருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் கிண்ணத்தில் போட்டுக் கலக்குகிற வேலைதான்.

இதன் பூர்வீகம் அமெரிக்கா. 1952இல் லிப்டன் நிறுவனம் வெங்காய சூப் தூளைப் பாக்கெட்டில் போட்டு விற்க ஆரம்பித்தது. 1954இல் லாஸ் ஏஞ்சலஸில் யாரோ ஒருவர் அந்தத் தூளைச் சவர் கிரீமில் கலந்து பார்த்திருக்கிறார். ருசி பிடித்துப்போய் ஊரெல்லாம் பரவி, அதற்குக் கலிபோர்னியா டிப் என்றே பெயர் வந்துவிட்டது. இன்றைக்கும் பலர் தூளைக் கொட்டித்தான் செய்கிறார்கள். நான் தூள் பக்கம் போவதில்லை. சில வெங்காய சூப் பாக்கெட்டுகளில் மாட்டிறைச்சிச் சாறு சேர்ந்திருக்கும், நம் வீடுகளில் பலருக்கு அது ஆகாது. தூள் வாங்குவதாக இருந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். அதைவிட எனக்குப் பெரிய காரணம் ருசிதான். தூளில் உப்புதான் முன்னால் வந்து நிற்கும். சட்டியில் ஒரு மணி நேரம் கிடந்த வெங்காயத்தின் இனிப்பும் மணமும் அதில் வராது.

வேண்டியவை

எட்டுப் பத்துப் பேர் கூடி உட்கார்ந்து தொட்டுக்கொள்ள இந்த அளவு போதும்.

பெரிய வெங்காயம் 600 கிராம், நடுத்தர அளவில் நான்கைந்து வரும்
கொழுப்பு எடுக்காத பாலில் உறைந்த கெட்டித் தயிர் 600 கிராம்
மயோனிஸ் 4 மேசைக்கரண்டி
சமையல் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 1 மேசைக்கரண்டி
பூண்டு 2 பல்
கறுப்பு கிச்சாப் (சோயா சாஸ்), உப்புச் சுவை உள்ளது, அரைத் தேக்கரண்டி
மிளகுத் தூள் அரைத் தேக்கரண்டி
லீமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை 2
உப்பு, வெங்காயத் தாள் ஒரு பிடி
மேலே தூவச் சின்ன வெங்காயம் 10 அல்லது 12

வெங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் சிவப்பாக இருக்கும் இந்திய வெங்காயமும் இருக்கும், மஞ்சள் தோல் போட்ட ஹாலந்து வெங்காயமும் இருக்கும். நான் ஹாலந்து வெங்காயத்தையே எடுப்பேன். அதில் நீர் அதிகம், காரம் கொஞ்சம் அடக்கம், வதங்கினால் பார்க்க அழகான தேன் நிறம் வரும். சிவப்பு வெங்காயத்திலும் ருசி குறையாது, ஆனால் தயிரில் கலந்த பிறகு நிறம் சற்று மங்கலாகத் தெரியும். முளைவிட்டதையும், காம்புப் பக்கம் அமுக்கினால் மெத்தென்று இருப்பதையும் ஒதுக்கிவிடுங்கள்.

மயோனிஸ் என்றால் முட்டை உண்டு. வெள்ளிக்கிழமை சைவம் பார்க்கிறவர்கள் முட்டை சேர்க்காத மயோனிஸ் வாங்கிக்கொள்ளலாம். அதுவும் வேண்டாம் என்றால் தயிரின் அளவை நூறு கிராம் கூட்டி, கடைசியில் ஒரு தேக்கரண்டி நல்ல எண்ணெய் விட்டுக் கலந்தால் போதும். சில குறிப்புகளில் ஊஸ்டர் சாஸ் விடச் சொல்லியிருப்பார்கள். அதில் நெத்திலி மீன் சேர்வது வழக்கம். அதனால்தான் நான் கிச்சாப் போடச் சொல்கிறேன்.

முதல் நாள் இரவே தயிரைக் கட்டி வையுங்கள்

நான் முதன்முதலில் செய்தபோது தயிரை வடிகட்டாமல் அப்படியே கலந்துவிட்டேன். கலக்கும்போது கெட்டியாகத்தான் இருந்தது. விருந்தாட்கள் வந்து உட்கார்ந்த அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் ஓரத்தில் தண்ணீர் நின்றது, சீவல் எல்லாம் நமுத்துப்போனது. வெங்காயத்தில் இருந்த உப்பு தயிரின் தண்ணீரைப் பிரித்துவிட்டது என்று பிறகுதான் புரிந்தது. எப்படியும் வெளியே வரப்போகிற தண்ணீரை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டு அல்லது காடாத் துணி இருந்தால் நல்லது. துவைத்த சோப்பு வாடை போக வெந்நீரில் ஒருமுறை முக்கிப் பிழிந்துகொள்ளுங்கள். வடிகட்டியை ஒரு பாத்திரத்தின் மேல் வைத்து, துணியை நான்காக மடித்து அதில் விரித்து, தயிரோடு கால் தேக்கரண்டி உப்பைச் சேர்த்து ஊற்றுங்கள். நான்கு முனைகளையும் சேர்த்து முடிந்து, மேலே ஒரு சிறிய தட்டும் அதன்மேல் ஒரு பருப்பு டப்பாவும் வைத்து, மொத்தமாக ஐஸ் பெட்டிக்குள் (ஃபிரிட்ஜில்) வைத்துவிடுங்கள். நம் அம்மாக்கள் குழாயிலோ ஆணியிலோ தொங்கவிடுவார்கள். இந்த வெக்கையில் இரவு முழுக்க வெளியே தொங்கினால் தயிர் கண்டபடி புளித்துவிடும். ஐஸ் பெட்டிக்குள் என்றால் புளிப்பு ஏறாது.

காலையில் பார்த்தால் பாத்திரத்தில் இளம் பச்சை கலந்த தெளிந்த தண்ணீர் நிற்கும், துணிக்குள் 300 கிராம் அளவுக்குக் கெட்டியான தயிர் இருக்கும். கரண்டியை அதில் குத்தி நிறுத்தினால் சாயாமல் நிற்க வேண்டும். சாய்ந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

கடைத் தயிர் வாங்குவதாக இருந்தால் இனிப்புச் சேர்க்காததா என்று பாருங்கள். கொழுப்பு நீக்கிய தயிர் இதற்கு ஒத்துவராது. வடித்தாலும் சுண்ணாம்பு மாதிரி நாக்கில் வறண்டு நிற்கும். இந்தப் பண்டத்தின் வழுவழுப்பு முழுக்கப் பாலின் கொழுப்பில்தான் இருக்கிறது.

வெங்காயம்: இங்கேதான் உங்கள் நேரம் போகும்

அம்மா பால்வெட்டு முடித்து வந்து விறகடுப்பில் கறி வைக்கும்போது வெங்காயத்தை அவசரப்படுத்தவே மாட்டார். பெரிய கட்டையை வெளியே இழுத்துவிட்டு, தணலில் விட்டு வதக்குவார். "வெங்காயம் வதங்காத கறி, வெந்தும் வேகாத கறி" என்பார். இந்த டிப்பை நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான்.

வெட்டுவதில் இருந்து தொடங்குவோம். வெங்காயத்தை வெட்டும்போது அதன் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் ஒன்று சேர்ந்து ஒரு ஆவியாகக் கிளம்பும். கண்ணைக் கரிப்பது அதுதான். வெட்டுவதற்கு இருபது நிமிடம் முன்னால் ஐஸ் பெட்டியில் வைத்தால் ஆவி அடங்கியே வரும். கத்தி கூர்மையாக இருந்தால் வெங்காயம் நசுங்காது, கண்ணீரும் குறையும். மழுங்கின கத்தியோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் அதிகம் அழுகிறார்கள்.

வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து, அரை வட்டமாகக் குறுக்கே மெல்லியதாக அரியுங்கள். பிறகு அந்தக் கீற்றுகளை நடுவில் ஒரு வெட்டு வெட்டிவிடுங்கள். நீளக் கீற்றாக விட்டால் சீவலோடு நூல் மாதிரி இழுபட்டு வரும். கொத்தமல்லி நறுக்குவது போலப் பொடிப்பொடியாகவும் வேண்டாம். அவை சீக்கிரம் கருகிவிடும்.

அகலமான, அடி கனத்த சட்டியை எடுங்கள். இரும்புக் குவாலியோ எவர்சில்வர் சட்டியோ இருந்தால் மிக நல்லது. ஒட்டாத பூச்சுச் சட்டியிலும் செய்யலாம், ஆனால் அடியில் பழுப்பு ஒட்டாது. அந்த ஒட்டலில்தான் ருசி இருக்கிறது என்பதை இன்னும் கொஞ்சத்தில் பார்ப்பீர்கள்.

எண்ணெயும் வெண்ணெயும் சூடானதும் வெங்காயம் முழுவதையும் போட்டு, அரைத் தேக்கரண்டி உப்பும் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரும் சேர்த்துப் பிரட்டி மூடிவிடுங்கள். நடுத்தரத் தீயில் எட்டுப் பத்து நிமிடம். மூடியைத் திறக்கும்போது சட்டி நிறையக் கிடந்த வெங்காயம் பாதியாகக் குறைந்து, கண்ணாடி மாதிரி ஆகி, தன் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் என்பதைக் கண்ணால் காண்கிற இடம் இது.

இனி மூடி வேண்டாம். தீயைக் குறையுங்கள். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, எனவே நிறமும் மாறாது. தண்ணீர் வற்றிய பிறகுதான் சூடு மேலே ஏறி, வெங்காயத்தில் இருக்கும் சர்க்கரை பழுப்பாக ஆரம்பிக்கும். பதினைந்து நிமிடம் ஆகியும் வெள்ளையாகவே இருக்கிறதே என்று தீயைக் கூட்டிவிடாதீர்கள். ஓரம் கருகி, நடுவில் வேகாமல் கிடக்கும். கருகின வெங்காயத்தின் கசப்பைத் தயிரும் மறைக்காது, மயோனிஸும் மறைக்காது.

நம் வீட்டு கேஸ் அடுப்புகளில் மிகக் குறைந்த தீயும் சில நேரம் அதிகமாகத்தான் இருக்கும். அப்படி இருந்தால் பழைய இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, அதன்மேல் சட்டியை வையுங்கள். சூடு ஒரே இடத்தில் குத்தாமல் பரவலாக ஏறும். எனக்கு இதனால் பெரிய நிம்மதி. பக்கத்திலேயே நின்று காவல் காக்காமல் நடுவில் வேறு வேலை பார்க்க முடிந்தது.

இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் சத்தம் மாறும். முதலில் சளசளவென்று கொதிக்கிற சத்தம், பிறகு சிறுசிறு பொரிகிற சத்தம். காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம். இப்போது மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பிரட்ட வேண்டும். சட்டியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டும். பயந்துவிடாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி தண்ணீரை அந்த இடத்தில் தெளித்து, மரக்கரண்டியால் சுரண்டினால் படலம் கரைந்து வெங்காயத்தோடு சேர்ந்துவிடும். வெங்காயம் சட்டென்று ஒரு படி நிறம் ஏறுவதைப் பார்க்கலாம். மறுபடி ஒட்டவிடுங்கள், மறுபடி தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். மூன்று முறை, நான்கு முறை. படலம் பழுப்பாக இருக்கும்போதே சுரண்டிவிட வேண்டும். கறுத்துப்போனால் அந்த இடத்தைத் தொடாமல் வெங்காயத்தை வேறு சட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

ஐம்பது நிமிடம் அல்லது ஒரு மணி நேரத்தில் வெங்காயம் பேரீச்சம்பழ நிறத்துக்கு வந்து, ஜாம் மாதிரிக் குழைந்து, கரண்டியில் எடுத்தால் ஒன்றாகச் சேர்ந்து வரும். கொஞ்சம் எடுத்து ஆறவைத்து வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்புத் தட்டிய பிறகு, பின்னால் லேசான ஒரு காரம் மட்டும் இருக்க வேண்டும். 600 கிராம் போட்டது 150, 160 கிராம்தான் மிஞ்சியிருக்கும். ஏமாற்றமாகத் தெரியலாம், ஆனால் அத்தனை வெங்காயத்தின் ருசியும் அந்த ஒரு கைப்பிடிக்குள் இருக்கிறது.

தட்டிய பூண்டைக் கடைசி இரண்டு நிமிடத்தில் சேருங்கள். முன்பே போட்டால் பூண்டு கருகிவிடும். பச்சையாகத் தயிரில் போட்டால் மறுநாள் வெங்காய மணத்தை அடித்துக்கொண்டு பூண்டு வாடைதான் நிற்கும். தீயை அணைத்ததும் கிச்சாப்பை விட்டு ஒரு பிரட்டு. எலுமிச்சைச் சாற்றை மட்டும் சட்டியில் விடவே வேண்டாம். புளிப்பு இருந்தால் வெங்காயம் பழுப்பாவது மெதுவாகிவிடும்.

சீக்கிரம் ஆகட்டும் என்று சமையல் சோடா கால் தேக்கரண்டி போடுகிறவர்கள் உண்டு. நிறம் வேகமாக வரும், அது உண்மை. ஆனால் வெங்காயம் கூழாகிவிடும், சோடாவின் வாடையும் அடியில் நிற்கும். நான் ஒருமுறை செய்து பார்த்தேன், மறுமுறை செய்யவில்லை. சர்க்கரை போட வேண்டிய தேவையும் இல்லை. வெங்காயத்தில் போதுமான இனிப்பு இருக்கிறது.

ஆறட்டும்

வதக்கிய வெங்காயத்தை ஒரு தட்டில் பரப்பி, கையால் தொட்டால் குளிர்ந்து இருக்கும் வரை விடுங்கள். சூடாகத் தயிரில் கொட்டினால் தயிர் தளர்ந்து, நீங்கள் இரவெல்லாம் வடித்தது வீணாகிவிடும். காத்திருக்கிற நேரத்தில் மேலே தூவும் சின்ன வெங்காயத்தைப் பொரித்துவிடலாம்.

சின்ன வெங்காயத்தை ஒரே கனத்தில் மெல்லிய வட்டமாக அரியுங்கள். ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால் ஒன்று கருகும்போது மற்றது வேகாமல் இருக்கும். சிறிய சட்டியில் எண்ணெய் ஊற்றி, எண்ணெய் குளிர்ந்திருக்கும்போதே வெங்காயத்தைப் போட்டு, நடுத்தரத் தீயில் சூடேற்றுங்கள். வெங்காயமும் எண்ணெயும் ஒன்றாகச் சூடாகும்போது ஈரம் சீராக வெளியேறி, மொறுமொறுப்பு உள்வரை வரும். அடிக்கடி கிளறிவிடுங்கள். வைக்கோல் நிறம் வந்ததுமே அரித்து எடுத்து, காகிதத்தின் மேல் பரப்பிவிடுங்கள். எண்ணெயை விட்டு வெளியே வந்த பிறகும் அது இன்னும் ஒரு நிறம் கறுக்கும். பொன்னிறம் வரட்டும் என்று சட்டியிலேயே விட்டுவைத்தால் காகிதத்தில் காப்பி நிறத்துக்குப் போய்விடும். கடையில் விற்கிற பாவாங் கோரேங், அதாவது பொரித்த வெங்காயப் பாக்கெட்டும் போடலாம், தவறில்லை. ஆனால் வீட்டில் பொரித்த எண்ணெய் மிஞ்சுமே, அதில் மறுநாள் காலை உப்புமா தாளித்தால் அந்த மணத்தை நான் சொல்லத் தேவையில்லை.

கலப்பது

வடித்த தயிரை ஒரு கிண்ணத்தில் போட்டு, கரண்டியால் கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். மயோனிஸ், மிளகுத் தூள், ஒரு லீமாவ் கஸ்தூரியின் சாறு. ஆறிய வெங்காயத்தைப் பலகையில் வைத்து இரண்டு கொத்து கொத்தி, முக்கால் பங்கைச் சேர்த்துக் கலக்குங்கள். மீதிக் கால் பங்கு மேலே வைப்பதற்கு. மிக்ஸியில் போட்டு அடிக்க வேண்டாம். அடித்தால் தயிர் தளர்ந்துவிடும், வெங்காயமும் இருந்த இடம் தெரியாது.

உப்பு இப்போது பார்க்காதீர்கள். இந்தக் கலவை ஐஸ் பெட்டியில் இரண்டு மணி நேரமாவது இருந்தால்தான் வெங்காயத்தின் சாரம் தயிரில் இறங்கும், இரவு முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. அதன் பிறகு ருசி பார்த்தால் நீங்கள் நினைத்ததைவிட உப்பு கூடவே இருக்கும். அப்போது தேவைப்பட்டால் உப்பு, தேவைப்பட்டால் இன்னொரு லீமாவ் கஸ்தூரி. தட்டையாகச் சுவைத்தால் முதலில் புளிப்பைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

வெங்காயத் தாளைப் பரிமாறும்போது மட்டும் நறுக்கித் தூவுங்கள். பொரித்த வெங்காயத்தையும் கடைசி நிமிடத்தில்தான். முன்பே போட்டால் நமுத்துவிடும்.

கலவை தளர்ந்துபோனால் மறுபடி துணியில் கட்டி ஒரு மணி நேரம் ஐஸ் பெட்டியில் வையுங்கள். ரொம்பக் கெட்டியாக இருந்தால் தயிர்த் தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுத் தளர்த்துங்கள். கொஞ்சம் உறைப்பு வேண்டும் என்கிறவர்கள் ஒரு சிட்டிகை மிளகாய்த் தூளைச் சூடான எண்ணெயில் ஒரு நொடி பொரித்து ஆறவைத்து மேலே ஊற்றலாம். மசாலாத் தூள் எதுவும் சேர்க்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருமுறை சீரகத் தூள் போட்டுப் பார்த்தோம். அது சாப்பாட்டுப் பச்சடியாக மாறிப்போனது.

எதோடு தொட்டுக்கொள்வது

உருளைக்கிழங்குச் சிப்ஸ்தான் இதற்குப் பழக்கமான ஜோடி. ஆனால் நம் ஊரில் கிடைக்கிற மரவள்ளிச் சீவல் அதைவிடப் பொருத்தம் என்பது என் முடிவு. உருளைச் சிப்ஸ் மெல்லியது, கெட்டியான டிப்பில் விட்டால் உடைந்து உள்ளேயே நின்றுவிடும். மரவள்ளிச் சீவல் கனமாக, வளையாமல் நிற்கும். அதன் இலேசான மண்வாசனைக்கும் வெங்காயத்தின் இனிப்புக்கும் நன்றாக ஒத்துப்போகும். உப்பு மட்டும் போட்டதை வாங்குங்கள். சம்பால் தடவிய சிவப்புச் சீவல் டிப்பின் ருசியை அடித்துவிடும்.

வாழைக்காய்ச் சீவலும் நன்றாக இருக்கும். அப்பளம் வேண்டாம், தொட்ட உடனே நமுத்துவிடும். மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரிடம் ரொட்டி பெங்காலி இருந்தால் வாங்கி, விரல் கனத்துக்கு வெட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அதுதான் எளிது. காய்கறியில் வெள்ளரிக்காயும் கேரட்டும், பச்சையாகக் கடித்துச் சாப்பிடுகிற செங்குவாங் கிழங்கும். செங்குவாங்கை விரல் நீளத்துக்கு வெட்டி ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, துணியால் ஈரம் ஒற்றி வையுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் இருக்கிற வீடு என்றால் இந்தத் தட்டைப் பெரிதாக வையுங்கள். அவர்களும் மற்றவர்களோடு ஒரே கிண்ணத்தில் தொட்டுச் சாப்பிடட்டும்.

வெக்கையும் கிண்ணமும்

இதைக் கவனமாகப் படியுங்கள். இது தயிரும் மயோனிஸும் சேர்ந்த பண்டம். ஐஸ் பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெக்கை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. எங்கள் ஊரில் மதியம் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும். திறந்த இல்ல விருந்து என்றால் காலை பத்து மணிக்கு வைத்த கிண்ணம் மாலை வரை மேசையில் கிடக்கும். வருகிற ஒவ்வொருவரும் தொட்டுக்கொண்டே இருப்பார்கள். வயிற்றைக் கெடுப்பது அப்படிப்பட்ட கிண்ணம்தான்.

நான் மொத்தத்தையும் மேசையில் வைப்பதில்லை. நான்கு சின்னக் கிண்ணங்களில் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே எடுப்பேன். அந்தக் கிண்ணமும் ஐஸ் கட்டி போட்ட அகலமான தட்டின் மேல்தான் இருக்கும். காலியானதும் அதையே நிரப்பாமல் அடுத்த கிண்ணத்தை எடுத்து வைப்பேன். பழையதில் புதியதைக் கலக்காமல் இருப்பது முக்கியம். ஆளுக்கு ஒரு சிறு கரண்டி டிப்பைத் தட்டில் எடுத்துக்கொள்ளும்படி பக்கத்தில் கரண்டி வைத்தால் கடித்த சீவலை மறுபடி தோய்க்கிற பேச்சே இல்லை.

யாரும் தொடாமல் ஐஸ் பெட்டியில் மூடி வைத்தது மூன்று நான்கு நாள் தாங்கும். மேலே தண்ணீர் கொஞ்சம் நின்றால் கரண்டியால் கலந்துவிடலாம். புளித்த வாடையோ பூஞ்சையோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். உறைய வைப்பது இதற்குச் சரிவராது, தயிர் திரிந்து தண்ணீராகப் பிரியும். ஆனால் வதக்கிய வெங்காயத்தை மட்டும் தனியாக உறைய வைக்கலாம். நான் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே இரண்டு கிலோ வெங்காயத்தை வதக்கி, சிறு சிறு பொட்டலமாகக் கட்டி உறைப்பெட்டியில் போட்டுவிடுவேன். பலகார வேலை தலைக்கு மேல் கிடக்கிற நாளில் ஒரு பொட்டலத்தை எடுத்து உருகவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு கிலோவை ஒரே சட்டியில் திணிக்காமல் இரண்டு சட்டியில் போடுங்கள். நெருக்கமாகக் கிடந்தால் வெங்காயம் வதங்காது, ஆவியில் வெந்துகொண்டே இருக்கும்.

சரி, ஐஸ் பெட்டியில் எடுத்து வைத்த அந்தத் தயிர்த் தண்ணீர். இரண்டு நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவு பிசையும்போது தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றினால் சப்பாத்தி மெத்தென்று வரும். இல்லையென்றால் கொஞ்சம் உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு மோர் மாதிரிக் குடிக்கலாம். கிண்ணத்தின் அடியில் இரண்டு கரண்டி டிப் மிஞ்சினால் மறுநாள் காலை சூடான தோசையின் உள்பக்கம் தடவி மடித்துக் கொடுங்கள். அண்ணன் மகள் அதைத்தான் கோலாலம்பூருக்குப் பொட்டலம் கட்டிக் கேட்டாள். தயிர்ப் பண்டம் பஸ்ஸில் அவ்வளவு தூரம் தாங்காது என்பதால் உறைந்த வெங்காயப் பொட்டலத்தைத் தடித்த துண்டில் சுற்றிக் கொடுத்து, தயிரை அங்கேயே வாங்கி வடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.